அத்தை சொன்ன 'ஆமா'

அண்ணா,

அத்தைக்கு மாத்திரை விற்ற கம்பெனிக்குப் போன் செய்தேன். விற்பனைப் பெண் அத்தையிடம் போனில் பேசிய பதிவைப் போட்டுக் காட்டினார்கள். அத்தை மூன்று தடவை "வேண்டாம்மா" என்கிறார். "நான் பேசுறது கேக்குதா?" என்று அந்தப் பெண் கேட்டதற்கு மட்டும் "ஆமா" என்கிறார். அந்த 'ஆமா'வைச் சம்மதமாக்கி மாதாமாதம் பணம் பிடித்திருக்கிறார்கள். நேற்று, "நான் வாங்கவே இல்ல" என்ற அத்தையிடம் நீ, "பொய் சொல்லாதீங்க" என்று கத்தினாய்.

சந்தாவை நிறுத்தச் சொல்லிவிட்டேன். புகார் கொடுக்க வங்கிக்குப் போகிறேன். மாத்திரைப் பெட்டி வந்தால் வாங்காதே. அத்தை இன்னும் சாப்பிடவில்லை. சாப்பாடு மேசையில் இருக்கிறது. நீ பிடுங்கி வைத்த போனை அவர் கையில் கொடு. மன்னிப்பை என்னிடம் சொல்லி அனுப்பாதே, நீயே கேள்.

பி.கு.: அத்தை பையில் துணி அடுக்குகிறார். "எங்க போறீங்க?" என்று கேட்டேன். "என் பேச்சை நம்புற வீட்டுக்கு" என்றார். நான் திரும்பும்வரை இருக்கச் சொன்னேன், அவர் அடுத்த புடவையை எடுத்து மடித்தார். எழுந்ததும் பல்கூடத் தேய்க்காமல் அவர் அறைக்குப் போ.