நாலு விரல் துணி

என் அருமை மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அப்படியே இருக்க வேண்டும். உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன், மூன்று தரமும் கோபம்தான் வந்தது, அதனால் இது கொஞ்சம் காரமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

அம்மா போனில் உன்னிடம் பாதிதான் சொல்லியிருக்கிறாள். நடந்தது இதுதான். எங்கள் தையல் கம்பெனிக்கு ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை ஆர்டர், முந்நூறு பேண்ட். அளவுக்குச் சரியாக வெட்டு, கீழ் மடிப்பில் கூடுதல் துணி விடாதே என்று ஆர்டர் தாளில் இங்கிலீஷில் போட்டிருந்தது. நான் முந்நூறுக்கும் நாலு விரல் துணி விட்டுத்தான் வெட்டினேன். முப்பத்தாறு வருஷமாகக் கட்டிங் மாஸ்டர் நான், வளர்கிற பிள்ளைக்குத் துணி விடாமல் வெட்டச் சொன்னால் என் கத்தரிக்கோல் நகராது. மடிப்பைப் பிரித்து இறக்கிவிட்டால் அடுத்த வருஷமும் அதே பேண்ட் போதும், போதக்கூடாது என்பதுதான் அந்தப் பள்ளிக்கூடத்தின் எண்ணம். மேனேஜர் கூப்பிட்டார். உன் வயசுதான், கெட்டவர் இல்லை. எனக்குத் தாளைப் படிக்கத் தெரியவில்லை என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார். குறிப்பு புரியாமல் தப்பு நடந்துவிட்டது என்று ஒரு தாளில் டைப் அடித்து வைத்திருந்தார், இதில் கையெழுத்துப் போடுங்க மாஸ்டர், முதலாளிகிட்ட நான் பேசிக்கறேன், உங்க மேசை உங்களுக்கே என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அதற்குள் அம்மா உனக்குப் போன் போட, நீயும் கடிதம் போட்டுவிட்டாய், புரியலன்னே எழுதிக் கொடுங்கப்பா, அதுல என்ன குறைஞ்சிடப் போகுது, இல்லேன்னா வேலையை விட்டுட்டு இங்க வாங்க, அறுபது வயசுல எதுக்கு இங்கிலீஷ் வகுப்பு என்று. என்ன குறையும் என்று சொல்கிறேன் கேள்.

புதன் சாயங்காலம் ஆறு மாசமாக அந்த வகுப்புக்குப் போகிறேன். டீச்சரம்மா உன்னைவிடச் சின்னவள், வாரத்துக்கு ஒரு வினைச்சொல். ஒரு வாரம் 'குரோ' என்று பலகையில் எழுதினாள். செடி வளரும், தாடி வளரும், கடை வளரும், இது வரைக்கும் சரி. இங்கிலீஷ்காரர்களுக்கு வயசாவதும் இருட்டுவதும்கூட இந்தச் சொல்லில்தான் நடக்குமாம். உடுப்பு பத்தாமல் போனால் பிள்ளை உடுப்பைத் தாண்டி வளர்ந்துவிட்டது என்பார்களாம், பேண்ட் சின்னதாகிவிட்டது என்று நாம்தான் பாவம் பேண்டின்மேல் பழி போடுகிறோம். நான் ஒரு மகளை வளர்த்தேன் என்று அதே சொல்லை வைத்து நோட்டில் எழுதினேன், சிவப்பு மையால் அடித்துவிட்டாள். செடிக்குத்தான் அது, பிள்ளைக்கு வேறே சொல்லாம். தக்காளிக்கு உள்ள மரியாதை என் மகளுக்கு இல்லையா என்று கேட்டேன், வகுப்பே சிரித்தது, ஆனால் அடுத்த வாரம் சரியாக எழுதினேன். இப்படி எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படித்துத்தான் அந்த ஆர்டர் தாளை யார் உதவியும் இல்லாமல் நானே படித்தேன். ஒரு சொல் விடாமல் புரிந்தது. புரிந்துதான் வெட்டினேன். அப்படியிருக்க, புரியாத கிழவன் என்று நானே எழுதிக் கொடுக்க வேண்டுமாம். தப்பு செய்தான் என்று சொல்லட்டும், வேலையை விட்டுத் தூக்கட்டும், தெரியாமல் செய்தான் என்று மட்டும் சொல்ல விடமாட்டேன்.

இன்று காலை போய் அவர் டைப் அடித்ததைக் குறுக்கே கோடு போட்டு அடித்தேன். படித்தேன், புரிந்தது, பிள்ளைகள் வளர்கிறார்கள் என்று கீழே இங்கிலீஷில் மூன்று வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் அந்தத் தாளை இரண்டு தரம் படித்தார், எழுத்துப்பிழை ஏதாவது தேடினாரோ என்னவோ, ஒன்றும் கிடைக்கவில்லை. திங்கட்கிழமை முதலாளி வந்து முடிவு சொல்லும் வரைக்கும் பட்டன் தைக்கிற இடத்தில் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். திங்கட்கிழமைக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டேதான் பட்டன் தைத்தேன், உன்னிடம் மறைப்பானேன். அம்மா இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை, இன்றைக்கு விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு அந்த மூன்று வரியைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

குட்டிக்கு முத்தம். உடம்பைப் பார்த்துக்கொள், வேளாவேளைக்குச் சாப்பிடு, நீங்கள் மூன்று பேரும் எந்தக் குறையும் இல்லாமல் நன்றாக இருக்க வேண்டும். ஒன்றை மறந்துவிடாதே. மேனேஜர் நம்பர் கொடுங்கள், நான் பேசி மன்னிப்புக் கேட்கிறேன் என்று அம்மாவிடம் கேட்டாயாம். கேட்காதே. முதலாளி என்னை அனுப்பினால் நிமிர்ந்து வீட்டுக்கு வருவேன், நீ மன்னிப்புக் கேட்டு அவர்கள் என்னை வைத்துக்கொண்டால் நான் குனிந்துதான் அங்கே போக வேண்டியிருக்கும்.

இப்படிக்கு,
தெரிந்தே வெட்டிய உன் அப்பா