முதல் பந்தி குவாதலூப்புக்கு

என் செல்லக் கொழுந்தன் ஜெரால்டுக்கு,

முதலில் ஸ்கோரைச் சொல்லிவிடுகிறேன். சொல்லாவிட்டால் நீ கடிதத்தைப் பாதியில் போட்டுவிட்டு அதைத் தேடி ஓடுகிற ஆள். உன் குவாதலூப் சான் ஹோசேக்கு வந்தது, ஜமைக்காவோடு ஆடியது, ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில் தோற்றது. "ஒரு கோல்ல தோக்கது எல்லாம் ஒரு தோல்வியா மைனி?" என்று நீ எங்கள் வீட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டு கேட்பது என் காதில் விழுகிறது. தோல்விதான் ஐயா. வேறு என்ன பேர் வைக்கச் சொல்கிறாய் அதற்கு?

அந்தச் சோபாவில் உன் இடம் இன்னும் குழிந்துதான் கிடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஃப்ரீமான்ட்டுக்கு வந்து, என் கையால் மீனும் சோறும் சாப்பிட்டுவிட்டு, உலகத்தில் யாருமே பார்க்காத ஒரு கால்பந்து மேட்ச்சைப் போட்டுக்கொண்டு அங்கேதான் உட்காருவாய். கல்யாணம் பண்ணிக்கொள்ளடா என்றால் இந்த மேட்ச் முடியட்டும் என்பாய். அப்புறம் போன குளிர்காலத்தில் ஒரு நாள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவன், எழுந்திருக்கவே இல்லை. இதெல்லாம் ஒரு வேலையா? சொல்லிவிட்டாவது போயிருக்கக் கூடாதா?

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் உன் குவாதலூப்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது கரீபியன் கடலில் ஒரு தீவு. பிரான்ஸோடு சேர்ந்தது, தனி நாடு இல்லை. அதனால் அந்தத் தீவின் அணி உலகக் கோப்பைக்கு ஆட முடியாது. தோற்று வெளியேறுவதற்குக்கூட வாய்ப்பில்லை, சேர்த்துக்கொள்ளவே மாட்டார்கள். இந்தப் பக்கத்து நாடுகளும் தீவுகளும் சேர்ந்து ஆடுகிற பிராந்தியக் கோப்பைதான் அவர்களுக்கு உச்சாணிக் கொம்பு. ரொம்பப் பிரமாதமாக ஆடுகிற பையன்கள் பிரான்ஸ் சட்டையை மாட்டிக்கொண்டு போய்விடுவார்கள். மிச்சமிருப்பவர்கள்தான் இந்தச் சட்டையைப் போடுகிறார்கள்.

ஒருநாள் நான் கேட்டேன், ஏண்டா, ஊரில் இத்தனை அணி இருக்க, மேலே போகவே முடியாத ஒன்றைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறாயே என்று. நீ டிவியில் இருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "பாத்தியளா மைனி, இவங்க கேசும் என் கேசும் ஒண்ணுதான். வேலை பாக்கலாம், டாக்ஸ் கட்டலாம், உள்ள மட்டும் கூப்பிட மாட்டான். ஆனா ஓடுறானுவ பாருங்க, நாளைக்கே கூப்பிட்டுருவான்கிற மாதிரி." நான் சிரித்தேன். நீயும் கிரீன் கார்டு வரிசையில் நின்றபடியேதான் போய்ச் சேர்ந்தாய். ஒரு நாள்கூட அதற்காக நீ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

தமிழ்ச் சங்கப் பொங்கல் விழாவில் ஒரு அங்கிள் உன்னைப் பிடித்துக்கொண்டாரே, நினைவிருக்கிறதா? அந்தக் காலத்தில் நம் ஜனங்களைக் கரும்புத் தோட்ட வேலைக்குக் கப்பலில் அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள் என்று எங்கேயோ படித்துவிட்டு வந்திருந்தார். "அப்போ டீம்ல நம்ம ரத்தம் இருக்குமே தம்பி! எந்த ஜில்லான்னு விசாரிச்சியா?" என்றார். "ரத்தத்த விடுங்க அங்கிள், அந்த ரைட் பேக் ஓடுறதப் பாருங்க" என்று போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாய். மனிதர் கையில் சர்க்கரைப் பொங்கலோடு நின்று ஆட்டத்தின் ஒரு பாதி முழுவதையும் பார்த்தார். "அவங்க நம்ம ஆளுன்னு சொல்றதுக்கு நமக்கு என்ன தகுதி? வேணும்னா நாம அவங்க ஆளா இருந்துட்டுப் போவோம்" என்று காரில் வரும்போது என்னிடம் சொன்னாய். எனக்கு அப்போது அது சும்மா பேச்சாகத்தான் பட்டது.

அவர்கள் நியூ ஜெர்சியில் ஆடினபோது விமானம் ஏறிப் போனாய். மான்மவுத் ஜங்ஷனில் என் தங்கை வீட்டில் தங்கி, அவள் அடுப்பையே உனதாக்கி, பானை நிறைய மீன் புளிமுளக் குழம்பும் மரச்சீனிக் கிழங்கும் வேகவைத்து எடுத்துக்கொண்டு போயிருக்கிறாய். சூடு ஆறாமல் இருக்கப் பானையை உன் கட்டம் போட்ட சாரத்தால் சுற்றிக் கட்டியிருக்கிறாய். "அக்கா, உன் கொழுந்தனுக்குக் கழண்டு போச்சு, லுங்கில குழம்ப கட்டிக்கிட்டு ஸ்டேடியத்துக்குப் போறார்" என்று அவள் எனக்குப் போன் பண்ணினாள்.

அங்கேதான் உனக்கு ஜோசெத் கிடைத்தாள். குவாதலூப்காரி, இங்கே நமக்குப் பக்கத்து ஓக்லாந்தில் நர்ஸ். அவள் தலையில் கட்டியிருந்த துணியும் உன் சாரமும் அசல் ஒரே கட்டம். அவர்கள் ஊரில் அந்தத் துணிக்குப் பெயரே மெட்ராஸாம். ஒரு துணியை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் ஜென்மத்துச் சொந்தம் ஆகிவிட்டீர்கள். அன்றைக்கும் அவர்கள் தோற்றார்கள். பானை மட்டும் காலியாகத் திரும்பி வந்தது. யாருக்குப் போட்டாய், எப்போது போட்டாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். ஏன் என்று சொல்கிறேன்.

இப்போது உன் அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நீ போனதில் இருந்து அந்தோணி உன் பெயரை வாயால் சொல்லவில்லை. ஒரு தடவைகூட இல்லை. மாதப் பூசைக்குப் பெயர் கொடுக்கக்கூட என்னைத்தான் அனுப்பினார். ஊரில் இருந்து யாராவது போன் பண்ணி உன் பேச்சை எடுத்தால் போனை என் கையில் கொடுத்துவிட்டுத் தோட்டத்துக்குப் போய் இல்லாத களையைப் பிடுங்குவார். டிவியில் பந்து உருண்டால் சேனல் மாறிவிடும். அழுது தீர்த்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்று நான் தவித்தேன். நெஞ்சில் அடைத்து வைத்துக்கொண்டு இவரும் உன்னை மாதிரி உட்கார்ந்துவிட்டால் என்ன செய்வேன்? அந்தப் பயம் எனக்கு ராத்திரி பகல் விடவில்லை.

அதனால்தான் குவாதலூப் நம் வீட்டு வாசலுக்கே வருகிறது என்று தெரிந்ததும் கேட்காமல் கொள்ளாமல் இரண்டு டிக்கெட் வாங்கினேன். "நீ போ, நான் பார்க்கிங்ல கெடக்கேன்" என்றார். சரி, பார்க்கிங் வரையாவது வருகிறாரே என்று கிளம்பினேன். மெக்சிகன் கடையில் மரச்சீனி, மௌரி அவென்யூ இந்தியக் கடையில் தேங்காயும் புளியும். உன் பானை, உன் சாரம். கட்டும்போது அதில் இன்னும் உன் வீட்டு சோப்பு வாசனை இருந்தது. போகட்டும், அதைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

ஸ்டேடியம் பார்க்கிங்கில் ஜோசெத்தும் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேரும் மத்தளம் மாதிரி ஒன்றை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தார்கள். சாரத்தைப் பார்த்ததும் ஓடி வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "ஜெரால்டு எங்கே? கார் நிறுத்தப் போயிருக்கிறானா?" என்று இங்கிலீஷில் கேட்டாள். அவள் நம்பர்கூட எங்களிடம் இல்லை, செய்தி அவளுக்குப் போயிருக்கவே இல்லை. மேட்ச்சுக்கு முன்னால் எப்படிச் சொல்வது? நான் பாளையங்கோட்டைக்காரி, வாய் வராத நேரத்தில் கை தானாகச் சோறு போடும். பானையைத் திறந்தேன், தட்டில் கிழங்கை வைத்தேன், மேலே மீன் கறியை ஊற்றினேன், அவளிடம் நீட்டினேன்.

அவள் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். மத்தளம் நின்றுவிட்டது. நான் என்ன விஷத்தையா கொடுத்தேன் என்று முழிக்கிறேன், பின்னால் இருந்து உன் அண்ணன் குரல். கார் கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்து நிற்கிறார்.

"ஏ ரெஜினா! என்ன காரியம் செஞ்ச! பந்து உருளதுக்கு முன்னயே முதல் பந்தி போட்டா எப்படி? இவங்க தோத்துட்டாங்கன்னு நீயே எழுதிக் குடுத்துட்டியே!"

"எனக்கு என்ன தெரியும்? பசிக்கும்னு போட்டேன்."

"பசிக்குமாம்! மூடு, மொதல்ல மூடு!"

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரிந்தது. உங்கள் கடற்கரை ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவுக்குப் பந்தாட்டம் நடந்தால், இறுதி ஆட்டம் முடிந்து ஊரே உட்கார்ந்து சாப்பிடுமாம். முதல் பந்தி தோற்றவர்களுக்கு. ஜெயித்தவர்கள் கரண்டி பிடிக்க வேண்டும். தோற்றவன் கை கழுவி எழுந்த பிறகுதான் ஜெயித்தவன் இலையில் சோறு விழும். இத்தனை வருஷம் உங்கள் வீட்டில் வாழ்கிறேன், ஒரு வார்த்தை யாரும் எனக்குச் சொன்னதில்லை. ஆனால் ஓக்லாந்து நர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது! நியூ ஜெர்சியில் ஜெயித்த அணியின் ஆட்களைப் பிடித்து வந்து கரண்டியைக் கையில் கொடுத்தாயாமே. "அப்புறம்தான், அப்புறம்தான்" என்று ஜோசெத் என் தட்டைப் பானைக்குள்ளேயே கவிழ்த்தாள்.

இதில் ஒரு நல்லது நடந்தது. கத்தின வேகத்தில் உன் அண்ணன் எங்களோடேயே நடந்து கேட்டுக்குள் வந்துவிட்டார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் டிக்கெட்டை நீட்டினேன்.

ஆட்டத்தைச் சொல்லவா? எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொல்கிறேன். ஜமைக்காக்காரர்கள் ஒவ்வொருத்தனும் தென்னை மரம். நம் பையன்கள் அவர்கள் தோளுக்குக் கீழே புகுந்து புகுந்து வந்தார்கள். இதில் தோற்றால் அநேகமாக மூட்டை கட்ட வேண்டியதுதான் என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்தது என்று ஒன்று அவர்களுக்குக் கிடையாது என்பதும் தெரியும். ஆனாலும் அடடா, என்ன ஓட்டம் ஜெரால்டு! விழுந்தவன் ரெஃபரியைப் பார்த்துக் கையை விரிக்கவில்லை, எழுந்து பந்தைத் தேடி ஓடினான். நம் பையன்கள் கோல் போட்டபோது நான் பக்கத்தில் இருந்த முன்பின் தெரியாத கிழவரைக் கட்டிக்கொண்டேன். உன் அண்ணன் கட்டின கையைப் பிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். ஆனால் கால் மட்டும் பந்து போகிற பக்கமெல்லாம் போனது.

கடைசி விசில் அடித்த பிறகும் அந்தப் பையன்கள் குனியவில்லை. நம் ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்ற மூலைக்கு வந்து, ஒவ்வொருத்தராகப் பார்த்துக் கை தட்டினார்கள். இத்தனூண்டு கூட்டத்துக்கு அவ்வளவு மரியாதை. நீ ஏன் இவர்களை விடாமல் பிடித்துக்கொண்டாய் என்று எனக்கு அங்கே விளங்கியது. கூப்பிடாத வீட்டுக்காக வாசலில் நின்று ஏங்குகிறவர்கள் இல்லை அவர்கள். இருக்கிற முற்றத்தில் முழுசாக ஆடுகிறவர்கள். நீயும் அப்படித்தான் இருந்தாய்.

பார்க்கிங்குக்குத் திரும்பினோம். ஜோசெத் போய் ஜமைக்காச் சட்டை போட்ட ஒரு பெரிய மனிதரை இழுத்து வந்தாள். அவர் விஷயத்தைக் கேட்டுச் சிரித்து, கரண்டியைப் பிடித்தார். முதல் தட்டு நிறைந்தது. அதைக் கையில் வாங்கிக்கொண்டு ஜோசெத் திரும்பவும் கேட்டாள்: "ஜெரால்டு வராமல் சாப்பிட மாட்டோம். எங்கே அவன்?"

நான் வாயைத் திறப்பதற்குள் உன் அண்ணன் முன்னால் வந்துவிட்டார். இங்கிலீஷில்தான் சொன்னார். "ஜெரால்டு என் தம்பி. ஜெரால்டு இறந்துவிட்டான்." அவ்வளவுதான். இத்தனை மாதமாக வராத பெயர், இரண்டு தடவை வந்தது.

ஜோசெத் கையில் இருந்த தட்டைப் பார்த்தாள், தன் ஆட்களைப் பார்த்தாள். பிறகு நேராக வந்து அந்தத் தட்டை உன் அண்ணன் கையில் வைத்தாள்.

"இன்றைக்கு எங்களைவிட அதிகமாகத் தோற்றவர் நீங்கள்தான். முதல் பந்தி உங்களுக்கு" என்றாள்.

அந்தோணி ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே அழுதார், சின்னப் பிள்ளை மாதிரி, மூக்கு ஒழுக, சத்தம் போட்டு. சுற்றி அத்தனை பேரும் பசியோடு நின்றார்கள், அவர் கை கழுவுகிற வரைக்கும் ஒருத்தரும் தட்டை எடுக்கவில்லை. நீ தோற்றவர்களுக்குப் போட்ட சோறு, ஜெரால்டு, சுற்றி வந்து உன் அண்ணன் வாயில் விழுந்தது. உன்னைப் பற்றி எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது தெரியுமா?

ஃப்ரீவேயில் வீடு வரும் வரைக்கும் உன் அண்ணன் உன்னைப் பற்றித்தான் பேசினார். சின்ன வயதில் நீ கோல் காக்க நின்று பல்லை உடைத்துக்கொண்டது, அம்மாவிடம் படிக்கட்டில் விழுந்ததாகச் சொன்னது, எல்லாம். நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாமல் வந்தேன் என்றால் நீ நம்ப மாட்டாய், ஆனால் நிஜம்.

இது என் சத்தியம்: அடுத்த தடவை உன் குவாதலூப் டெக்ஸாஸில் ஆடினாலும் சரி, நியூ ஜெர்சியில் ஆடினாலும் சரி, நாங்கள் இரண்டு பேரும் போவோம். யார் வீட்டு அடுப்பையாவது பிடித்துச் சமைப்பேன், உன் சாரத்தில்தான் பானையைக் கட்டுவேன், கடைசி விசில் அடிக்காமல் மூடியைத் தொட மாட்டேன். தோற்றால் முதல் பந்தி அவர்களுக்கு. என்றைக்காவது ஜெயித்துத் தொலைத்தால், கரண்டி உன் அண்ணன் கையில். இப்போதே சொல்லி வைத்திருக்கிறார்.

உனக்குச் சோறு போட்டுப் பழகின கையோடு,
உன் மைனி
ரெஜினா
ஃப்ரீமான்ட்