திரும்பி வராத பதினோரு மிஷின்கள்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் மாப்பிள்ளையும் புது வீட்டில் சாமான்களைப் பிரித்து அடுக்கி, நேரத்துக்குச் சாப்பிட்டு, நிம்மதியாகத் தூங்கி எழ வேண்டும். அப்பாவுக்கு முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. படி ஏறும்போது முனகுகிறார், அதுவும் நான் பக்கத்தில் இருந்தால் மட்டும். சின்னவன் ஞாயிறு தவறாமல் வருகிறான், பெற்றவர்களைப் பார்க்க என்கிறான், கையில் அழுக்குத்துணி மூட்டை. நல்ல செய்தி இவ்வளவுதான். மீதியெல்லாம் கோபம். ஃபோனில் சொல்லியிருக்கலாம். சொன்னால் விடும்மா என்பாய். நானும் விட்டுவிடுவேன். எழுத்தில் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ வீடு மாறிய வாரம், இணையம் இல்லாமல் நாலு நாள் இருந்தாயே, அதற்கு அடுத்த வாரம் நம் கடைக்கு ஒரு தையல் மிஷின் திரும்பி வந்தது. வருஷம் முழுக்க மழைக்கோட்டு போட்டுத் திரிவாரே அந்தக் கொரியர்க்காரர், பெட்டியை வாசலில் இறக்கிவிட்டு, என்னக்கா, பொண்ணு கோச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கு வந்துடுச்சு போல என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டு வருஷமாகப் பழைய மிஷின்களை வாங்கிச் சரிசெய்து ஒரு கம்பெனியின் இணையதளத்தில் விற்கிறேன். போன பெட்டி நூற்றுக்கு மேல். வந்த பெட்டி இது ஒன்று. வந்த நாளிலிருந்து ஓடவே இல்லை என்று காரணம் அச்சடித்து ஒட்டியிருந்தது. பின்னறை மேஜையில் தூக்கி வைத்தேன். நூல் கோத்தேன். ஒரு துண்டுத் துணியில் ஓட்டினேன். ஓடியது. எண்ணெய் விட்டாற்போல ஓடியது. ஊசிக்குக் கீழே இருக்கும் தட்டைக் கழற்றிப் பார்த்தேன். அனுப்பும் முன் அந்த இடத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து ஓர் இழைகூட இல்லாமல் எடுத்துவிடுவேன், உனக்குத் தெரியும். இப்போது அங்கே நீலப் பஞ்சு, விரல் கனத்துக்கு. அதற்கடியில் வெள்ளை. மறுபடி நீலம். ஓடவே ஓடாத மிஷின் ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைத்துவிட்டு வந்திருக்கிறது. அடிநூல் வைக்க நான் போட்டு அனுப்பிய புது பாபின் கேஸைக் காணோம், அந்த இடத்தில் துருப்பிடித்த ஒன்று.

பெட்டியில் நம்பர் இருந்தது. அப்பா வேண்டாம் வேண்டாம் என்று கையைப் பிடிக்கப் பிடிக்கப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள். பின்னால் இரண்டு மூன்று மிஷின் ஓடும் சத்தம். உங்க மிஷின் ஓடலைன்னு எழுதியிருந்தீங்களே என்றேன். அவள் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. ஐயோ அக்கா, மிஷின் தங்கம், ரெண்டு மாச வேலையை இருபது நாள்ல முடிச்சேன், திருப்பி அனுப்பணும்னா ஏதாவது காரணம் போடணும்ல, அதான் போட்டேன் என்றாள். பணத்தை வாங்கிக்கிட்டீங்களே என்றேன். கம்பெனிதானே குடுக்குது, உங்களுக்கு என்னக்கா நஷ்டம் என்றாள். கம்பெனி இல்லம்மா, நான்தான், இந்த வீட்டுப் பின்னறையில ஒருத்தி திருப்புளியோட உக்காந்திருக்கேன் என்றேன். வெட்கப்படுவாள் என்று நினைத்தேன். அவள் யோசித்திருக்கிறாள். அப்போ எனக்குத்தான் நேரம் சரியில்லை போல, உங்க கடையில கேட்டாலே குடுத்துடுவாங்க, மிஷினைக்கூடத் திருப்பிக் கேக்க மாட்டாங்கன்னு எங்க தையல் குரூப்ல போட்டிருந்தாங்க, எங்கிட்ட மட்டும் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க என்றாள். வைப்பதற்கு முன் கேட்டாள், அடுத்த சீசனுக்கு இன்னொண்ணு இருக்குமாக்கா என்று. அந்தக் குரலில் திருட்டுத்தனமே இல்லை, அதுதான் தாங்கவில்லை.

நம் கடையில் யாரும் பணம் திருப்பிக் கேட்டதே இல்லையே என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் அலமாரியிலிருந்து அந்தப் பழைய ஃபோனை எடுத்தார். கடை தொடங்கிய அன்று நீ கணக்கைத் திறந்து காட்டினாயே, அதே ஃபோன். அதில் கணக்கு இன்னும் திறந்தே இருந்தது. இரண்டு பேரும் ஒரு கண்ணாடியை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டு படித்தோம். பதினொன்று. பதினோரு பேர் பணம் திருப்பிக் கேட்டிருக்கிறார்கள். பதினோரு பேருக்கும் அன்றன்றே கொடுத்திருக்கிறாய், உன் கார்டிலிருந்து. பொருளைத் திருப்பி அனுப்ப வேண்டாம் என்று ஒவ்வொன்றிலும் ஒரு கட்டத்தில் டிக். நீ நாலு நாள் பார்க்காமல் விட்டதால்தான் கம்பெனியே முடிவெடுத்து அந்த ஒரு மிஷினைத் திருப்பி அனுப்பியிருக்கிறது. இல்லாவிட்டால் பன்னிரண்டு. எனக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அப்பா சொல்கிறார், அவ உன்னைக் காப்பாத்தத்தான் செஞ்சிருக்கா என்று. நான் கேட்டேன், யாரிடமிருந்து. பெட்டி வந்ததும் உடைந்திருக்கிறது என்று ஒருவன் படம் அனுப்பியிருக்கிறான், படத்தில் இருக்கும் மிஷின் நம்முடையதே இல்லை, கறுப்பு. நாம் அனுப்பியது பச்சை. ஒருத்தி பெட்டி காலியாக வந்தது என்கிறாள். இரும்பு மிஷின், மழைக்கோட்டுக்காரர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு தூக்கிப் போனது, காலியாகப் போய்ச் சேர்ந்ததாம். இதற்கெல்லாமா தலையாட்டினாய். நீ தலையாட்ட ஆட்ட அவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லியிருக்கிறார்கள். ஏமாற்றுகிறவர்கள் நம்மைத் தேடி வரவில்லை பெரியவளே, நீ வழி காட்டிக் கூப்பிட்டிருக்கிறாய். கோபத்தில்தான் எழுதுகிறேன், இந்த வரியைக் கோடு போட்டு அடிக்காமல் விடுகிறேன்.

கம்பெனிக்கு நானே முறையீடு எழுதினேன். பஞ்சைப் படம் எடுத்து அனுப்பினேன், மூன்று அடுக்கும் தெரிகிற மாதிரி. தங்கள் கருத்துக்கு நன்றி என்று பதில். நான் கருத்துச் சொல்லவில்லை, புகார் சொன்னேன் என்று மறுபடி எழுதினேன். தங்கள் கருத்துக்கு நன்றி. மூன்றாம் முறை ஒரு மனுஷர் எழுதினார் போலிருக்கிறது, பஞ்சை ஆதாரமாக ஏற்க முடியாது, பெட்டி கட்டும்போது எடுத்த வீடியோ வேண்டும் என்றார். அதனால் இப்போது வீடியோ எடுக்கிறோம். அப்பாதான் ஃபோனைப் பிடிக்கிறார். முதல் வீடியோவில் இருபது நிமிஷமும் அவர் கட்டைவிரல். இரண்டாவதில் மிஷின் தெரிகிறது, நான் அவரைத் திட்டுவதும் கேட்கிறது. அப்படியே வைத்துக்கொண்டேன். ஆதாரம் ஆதாரம்தான்.

இத்தோடு முடிந்திருந்தால் உனக்கு நாலு வசவோடு எழுதி முடித்திருப்பேன். பதினொன்றையும் மறுபடி படித்தேன், பொய்களை ஒவ்வொன்றாகக் கண்டுபிடிக்கும் வெறியில். எட்டாவதை நான் முதலில் பொய்க் கூட்டத்தில்தான் போட்டேன். ஒரு மாதம் நன்றாக ஓடியது, இப்போது தையல் விட்டு விட்டு விழுகிறது என்று எழுதியிருந்தாள். கூடவே துணியின் படம். படத்தைப் பெரிதாக்கினேன். கெட்டித் துணி. நாலு தையல், ஒரு இடைவெளி, ஆறு தையல், ஒரு இடைவெளி. இதைப் பொய்யாகத் தைக்க முடியாது. ஊசியைப் பிடித்திருக்கும் தண்டு ஒரு மயிரிழை மேலே ஏறிவிட்டால் இப்படித்தான் விழும். அந்தத் தண்டை ஒரு சின்னத் திருகுதான் இறுக்கிப் பிடிக்கிறது. அந்த மிஷினை அனுப்பிய மாதம் நான் மலிவாக ஒரு டப்பா திருகு வாங்கியிருந்தேன். அவள் மூன்று முறை எழுதியிருக்கிறாள். பணம் வேண்டாம், என்ன பண்ணணும்னு சொன்னா நானே பண்ணிக்குவேன் என்று. நீ பணம் அனுப்பினாய். பத்தாவதும் அதே குறை, அதே மாதிரிப் படம்.

எட்டாவது பெண்ணைக் கூப்பிட்டேன். ஏழு மாதம் ஆகிவிட்டது. நான் யார் என்று சொன்னதும் ஓ, அந்தக் கடையா என்றாள். அந்த ஓ எனக்குப் பிடிக்கவில்லை. என்னங்கம்மா பண்றது, வேற ஆளைக் கூட்டிவந்து சரிபண்ணிட்டேன் என்றாள். பணத்தைத் திருப்பித் தரட்டுமா என்றும் கேட்டாள், அதை அப்புறம் பார்க்கலாம் என்றேன். அந்த ஆள் என்ன சொன்னார் என்று நான்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம். சொல்லத் தயங்கினாள். பிறகு சொன்னாள். யாரு பாத்த மிஷின் இது, கத்துக்குட்டி கை வச்சிருக்குன்னு சொன்னாரு. பதினாறு வருஷம் தையல் ஆலையில் மிஷின் பார்த்தவள் நான். அந்த ஆள் சொன்னதில் தப்பில்லை. திருகைப் பார்த்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

அவளுக்கு நீ அனுப்பிய பதிலையும் படித்தேன். தங்கள் சிரமத்துக்கு மனமார வருந்துகிறோம். யார் வருந்தியது? எனக்குத் தெரியவே தெரியாது. இந்த ஏழு மாதமும் நூல் கடைக்காரரிடம், மழைக்கோட்டுக்காரரிடம், சின்னவன் மாமியாரிடம் எல்லாம் ரெண்டு வருஷமா ஒண்ணுகூடத் திரும்பி வரலை என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சொல்லிக்கொண்டே அதே டப்பாவிலிருந்து திருகு எடுத்துப் போட்டிருக்கிறேன். நோட்டைப் பார்த்து எண்ணினேன், பத்தொன்பது மிஷின். உன்னை மட்டும் குறை சொல்லவில்லை. டப்பாவை வாங்கியது நான்.

பத்தொன்பது பேரையும் கூப்பிடத் தொடங்கிவிட்டேன். நேற்றுவரை பன்னிரண்டு பேர். பக்கவாட்டு மூடியைத் திறங்க, ஒரு சின்னத் திருகு தெரியும், அசைச்சுப் பாருங்க, ஆடுதா என்று கேட்கிறேன். ஐந்து பேருக்கு ஆடுகிறது. அவர்களுக்கு நல்ல திருகு தபாலில் போகிறது. இரண்டு பேர் எதுவும் கேட்காமல், காசு குடுத்துட்டீங்கன்னா பேச்சை முடிச்சுக்கலாம் என்றார்கள். ஒரு பெரியவர் முழுசாகக் கேட்டுவிட்டு, நீங்க யாரு, இப்ப ஓடிபி கேப்பீங்களா என்று வைத்துவிட்டார். மறுபடி கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவர் மிஷின் எந்த நிலையில் இருக்கிறதோ. விலாசம் இருக்கிறது, ஒரு நாள் நேரில் போக வேண்டும்.

வீடு மாறுவதற்கு முந்தின ஞாயிறு நீ ஃபோனில் கடையை மூடிடலாம்மா, உங்களுக்கு எதுக்கு இந்தத் தொல்லை என்றாய். அப்போது எனக்கு விஷயம் தெரியாது, களைப்பாக இருக்கிறாய் என்று நினைத்தேன். கடையை மூட மாட்டேன். கணக்கின் கடவுச்சொல்லை மாற்றிவிட்டேன். நீ உள்ளே போக முடியாமல் இரண்டு நாளாக முழித்திருப்பாய், காரணம் இதுதான். இனி ஏமாற்றுகிறவர்களும் என்னிடமே வரட்டும். நீலப் பஞ்சோடு வருகிறவளிடம் நானே சண்டை போடுகிறேன், தோற்றால் தோற்கிறேன். ஆனால் பொய் சொல்கிற ஒன்பது பேரை நீ வாசலிலேயே நிறுத்தினால், உண்மை சொல்ல வந்த இரண்டு பேரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்காமல் நான் எப்படி வேலை செய்வது.

பத்தாவது பெண்ணின் நம்பர் உபயோகத்தில் இல்லை என்கிறது. உனக்கு வந்த செய்திகளில் அவளுடைய வேறு நம்பர், விலாசம், எது இருந்தாலும் தேடி அனுப்பு. இதை மறக்காதே. உன் கார்டையும் கடைக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன், வங்கியில் ஒரு முறை சரிபார்த்துக்கொள். மாப்பிள்ளையிடம் இதைப் படித்துக் காட்டலாம், அடிக்காமல் விடுகிறேன் என்ற வரியைத் தவிர. நீயும் அவரும் நோய் நொடி இல்லாமல், கைக்கு வந்த வேலை கையில் நிற்க, நீண்ட காலம் வாழ வேண்டும். அப்பாவும் அதையே சொல்லச் சொன்னார், பதிமூன்றாவது ஆளுக்கு இப்போது அவர்தான் நம்பர் போட்டுக்கொண்டிருக்கிறார். மணி அடிக்கிறது. எடுத்துவிட்டார்கள்.

உன் அம்மா