சிங்க் அடைப்பில் இருந்தது

அக்டோபர் 22, வியாழன்

காலையிலிருந்து சிங்க்கில் தண்ணீர் இறங்கவில்லை. வருவதாகச் சொன்ன பிளம்பரும் வரவில்லை. நானே அடியில் வாளியை வைத்து, வளைந்த குழாயைத் திருகிக் கழற்றினேன். சோறு கொட்டியது. பிடி பிடியாகச் சோறு, இடியாப்பம், மாமிக்கென்று நான் குழைய வைத்த கஞ்சி.

என் வீட்டுக்காரர் குவைத்தில்; இந்த வீட்டில் நானும் என் மாமியாரும் மட்டும்தான். மாமி கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமி, நீங்க சாப்பிடவே இல்லையா?"

"தொண்டையில இறங்க மாட்டேங்குது புள்ள. நோன்புக்கு முன்னாடியிலேருந்தே இப்படித்தான். தம்பிகிட்ட சொல்லிடாத. குவைத்துல இப்பத்தான் நல்ல வேலை கெடச்சிருக்கு. போட்டுட்டு ஓடி வந்துடுவான்."

மாமி மெலிந்ததைச் சர்க்கரையால் என்றே நினைத்திருந்தேன். வாளியை எடுத்துக்கொண்டுபோய்க் கொல்லையில் கொட்டினேன்.

மாலை மஃரிப் தொழுகைக்குப் பிறகு என் வீட்டுக்காரர் போன் செய்தார். மாமிதான் எடுத்தார். "வயிறு நெறய சாப்ட்டேன் தம்பி" என்றார். எனக்குத் தாங்கவில்லை. ரிசீவரை வாங்கினேன். மாமி என் முந்தானையைப் பிடித்து இழுத்தார்.

"மச்சான், உம்மாவுக்குச் சோறு இறங்கல. நாளைக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க லீவு கேளுங்க."

"உம்மாகிட்ட குடு" என்றார்.

அவர் கேட்டது என் காதிலும் விழுந்தது. "உம்மா, நெசமாச் சொல்லுங்க. இன்னைக்கி என்ன சாப்ட்டீங்க?"

மாமியால் பொய் சொல்ல முடியவில்லை. ரிசீவரைக் காதில் வைத்தபடியே அழுதார்.