கோர்ஃபக்கான் கடற்கரையில் ஒரு ‘ஆனா’

10.2.97, திங்கள்

காலையிலிருந்து மேகமூட்டம். மழை வராது என்கிறார் இவர். இவர் சொன்னால் கண்டிப்பாக வரும். குடை ஒன்று.

நாளை விடிந்ததும் பஸ். பெருநாள் விடுமுறைக்கு ஊர்க்காரர்கள் சேர்ந்து பிடித்தது. ஷார்ஜாவிலிருந்து கோர்ஃபக்கான். கடற்கரையோரம் ஹோட்டல், இரண்டு ராத்திரி.

எடுத்து வைக்க: பாய். துண்டு. பால் பவுடர். இவருடைய பிரஷர் மாத்திரை. எலுமிச்சம்பழம் (மலை ரோடு, எனக்கு வாந்தி வரும்). பெரிய பிளாஸ்க்.

பெரிய பிளாஸ்க் இல்லை. சுபைதா லாத்தா கேட்காமலே எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள். ஒரே ஃப்ளாட், ஆளுக்கொரு ரூம், நடுவில் ஒரே அடுப்படி. நாலு வருஷமாக அவள் குடும்பமும் நாங்களும் இப்படித்தான். என் தேங்காய்த் துருவியும் அவளுடையது, என் மிக்ஸியும் அவளுடையது. போகட்டும். துருவிக்காக யாரும் பழிவாங்குவதில்லை.

மும்தாஜுக்காக வாங்குவேன். ஆத்திரம் ஆறிப்போகாமல் இருக்க எழுதி வைக்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் லாத்தா லீவில் எங்கள் ஊர் கீழக்கரைக்குப் போயிருந்தாள். என் தங்கை மும்தாஜைக் கேட்டு வந்த மாப்பிள்ளை வீட்டார், எங்களுக்கு எதிர்வீடு என்பதால் அவளிடம் விசாரித்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் பெண்ணைப் பற்றிப் பெண் வீட்டில் கேட்பதில்லை. பக்கத்துச் சுவரில்தான் கேட்பார்கள். இவள் சொன்னது: “நல்ல புள்ளைதான். ஆனா...” அதோடு டீயை எடுத்துக் குடித்தாளாம். அந்த ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன என்று அவர்கள் கேட்கவில்லை. கேட்க மாட்டார்கள், அதுதான் மரியாதை. சம்பந்தம் நின்றது. பிறகு வந்தவர்கள் எல்லாரும் முதல் இடம் ஏன் நின்றது என்று கேட்டுவிட்டுப் போனார்கள். மும்தாஜ் இப்போது கல்யாண வீடுகளுக்கே போவதில்லை என்று உம்மா எழுதியிருந்தார்கள்.

மாப்பிள்ளையின் சாச்சியே உம்மாவிடம் சொன்ன விஷயம் இது. எனக்குத் தெரியும் என்பது லாத்தாவுக்குத் தெரியாது.

அபுதாபியிலிருந்து ஹாஜரா மாமியும் இந்த பஸ்ஸில் வருகிறார்கள். மகனுக்குப் பெண் தேடுகிறார்கள். தன் மகள் ஷாஹினாவைக் காட்டத்தான் லாத்தா அவர்களை வரவழைத்திருக்கிறாள். மாமி கட்டாயம் விசாரிப்பார்கள். யாரிடம்? ஒரே அடுப்படியில் நிற்பவளிடம்.

நோன்பு முழுக்க வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன், புறம் பேசினால் நோன்பின் நன்மை போய்விடும் என்று. பெருநாள் முடிந்துவிட்டது.

11.2.97, செவ்வாய்

மழை பெய்தது. (இவர்.)

டிரைவர் பாகிஸ்தான் பட்டாணி. அவர் கேசட் ஒரு பாட்டு, நம் பையன்கள் கேசட் ஒரு பாட்டு என்று தைத் ஊர் வரும் வரை சண்டை. பிறகு யாரோ எல்லாருக்கும் சம்சா கொடுத்தார்கள், சண்டை நின்றது. மசாஃபியில் இறங்கி ஆரஞ்சு வாங்கினோம். லாத்தா பேரம் பேசுவதைப் பார்க்கக் கடைக்காரனே பாவமாக இருந்தான். வாங்கியதில் நல்ல பழமாகப் பொறுக்கி ஹாஜரா மாமிக்கு உரித்துக் கொடுத்தாள். சுளையில் நாரைக்கூட எடுத்துவிட்டு. எனக்குக் கொட்டையோடு ஒன்று.

கடற்கரைக்குப் போகிற பஸ்ஸில் ஷாஹினாவுக்குப் பட்டு சுடிதார், கல் வைத்த தோடு. பாவம், ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தாள்.

மலை வளைவுகளில் வாந்தி. எலுமிச்சம்பழம் ஒன்றுக்கும் ஆகவில்லை. இவர் முன் சீட்டில் தூக்கம். என் நெற்றியைப் பிடித்துக்கொண்டவள் ஷாஹினாதான். “ஆன்ட்டி, மெதுவா மூச்சு விடுங்க. ஆல்மோஸ்ட் தேர், வந்துட்டோம்” என்றாள். பட்டுத் துப்பட்டாவில் பட்டுவிட்டது. அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

நல்ல பிள்ளை. எனக்கு அவள் மேல் ஒரு கோபமும் இல்லை. மும்தாஜ் மேல் இவள் உம்மாவுக்கு மட்டும் என்ன கோபம் இருந்தது?

ஹோட்டல் ரூமிலிருந்து கடல் தெரிகிறது, தூரத்தில் நிற்கும் கப்பல்களும். குளியலறைக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தேன். ‘ஆனா’வை இழுக்கக் கூடாது. இழுத்தால் வேண்டுமென்றே சொன்னது போல் இருக்கும். வாய் தவறி வந்தது போல் வர வேண்டும். இவர் வெளியிலிருந்து, யாரோடு பேசுகிறாய் என்று கேட்டார். பல் தேய்க்கிறேன் என்றேன்.

12.2.97, புதன்

வெயில். நல்ல காற்று. ஆண்கள் பந்து விளையாட்டு. இவர் காலைச் சுளுக்கிக்கொண்டார்.

மத்தியானம் மணலில் கல் கூட்டி பிரியாணி. சோறு குழைந்துவிட்டது, அரிசி மேல் பழி போட்டார்கள்.

முடிந்தது. அப்படியே எழுதி வைக்கிறேன்.

சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டுத் தண்ணீர் ஓரம் நடந்தேன். ஹாஜரா மாமி செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார்கள். முட்டிவலி, பேரன், அபுதாபி வாடகை எல்லாம் பேசினார்கள். பிறகு கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

“ஷாஹினாவும் நீயும் ஒரே வீட்ல இருக்கீக. உனக்குத் தெரியாததா? புள்ளை எப்படிம்மா?”

“நல்ல புள்ளைதான் மாமி” என்றேன். “ஆனா...”

குனிந்து ஒரு சிப்பியை எடுத்தேன். டீ இல்லாத குறைக்கு.

மாமி ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்ச தூரம் கூட நடந்துவிட்டு, காற்று சேரவில்லை என்று திரும்பிப் போனார்கள். இவ்வளவுதானா? இரண்டு வருஷம் இதற்காகவா காத்திருந்தேன்? ஆனால் சுகமாக இருந்தது. பொய் எழுதக் கூடாது, மிகவும் சுகமாக இருந்தது. ராத்திரி இரண்டு ரொட்டி கூடுதலாகச் சாப்பிட்டேன்.

13.2.97, வியாழன்

திரும்பினோம். மாமி முன் சீட்டுக்கு மாறி உட்கார்ந்துகொண்டார்கள். லாத்தா பிளாஸ்க்கில் (என் பிளாஸ்க்) டீ கொண்டுபோய் நீட்டினாள். வேண்டாம், வயிறு சரியில்லை என்றுவிட்டார்கள். லாத்தா அந்த டீயை என்ன செய்வதென்று தெரியாமல் நடு பஸ்ஸில் நின்றாள். ஒரு வளைவில் கையில் கொட்டிக்கொண்டாள். கண்ணாரக் கண்டேன்.

ஷாஹினா பழைய சட்டையில். அவள் மட்டும் பையன்கள் கேசட்டுக்குத் தாளம் போட்டுக்கொண்டு வந்தாள்.

வீடு. அழுக்குத் துணி மலை. எல்லாப் பையிலும் மணல்.

16.2.97, ஞாயிறு

அபுதாபியிலிருந்து பதில். இப்போதைக்கு வேண்டாமாம். காரணம் சொல்லவில்லை.

லாத்தா அடுப்படியில் கீழே உட்கார்ந்து அழுதாள். பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவிக்கொடுத்தேன். என் கைதானா இது என்று இருந்தது. யார் என்ன சொன்னார்களோ, பெற்றவள் வயிறு எரிகிறதே என்றாள். என் உம்மா வயிறு எரியவில்லையா? நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கினேன். இன்னும் கொஞ்சம் அழட்டும்.

சாயங்காலம் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். நான் மீன் உரசிக்கொண்டிருந்தேன். வாசலில் நின்று சொன்னாள்.

“ஷாஹினா படிக்கணும்னு நிக்கிறா. அதுவும் நல்லதுக்குத்தான். அருமையான குடும்பம், விட மனசில்லை மைமூன். நம்ம மும்தாஜைச் சொல்லவா?”

கத்தி நின்றுவிட்டது.

அவளே தொடர்ந்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்போது ஊரில் ஒரு வார்த்தை யோசிக்காமல் சொல்லிவிட்டாளாம். அந்த மாப்பிள்ளையை ஷாஹினாவுக்கு முடிக்கலாமே என்று அவளுக்கும் ஒரு கண் இருந்ததாம். தன் பிள்ளைக்கென்று வந்தபோதுதான் தெரிகிறதாம்.

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள். என்ன சொல்வேன்? அதற்கும் மேல், எனக்கு வேண்டும். மும்தாஜுக்கு இந்த அபுதாபி இடம் வேண்டும். நல்ல பையன், சொந்த வேலை, பொறுமையான மாமியார். ஒரு ‘ஆனா’வுக்குப் பின்னால் என்ன என்றுகூடக் கேட்காத மாமியார்.

“உங்க இஷ்டம் லாத்தா” என்றேன்.

மீன் குழம்பில் இரண்டு முறை உப்பு.

17.2.97, திங்கள்

காற்று, புழுதி. துணி காயப்போடவில்லை. கேஸ் சொல்லி அனுப்ப வேண்டும்.

லாத்தா பத்து மணிக்குமேல் அபுதாபிக்கு போன் போட்டாள். நான் அடுப்படியில் பால் வைத்திருந்தேன். ரூம் கதவு திறந்தேதான் இருந்தது. முதலில் சிரித்த குரல், சலாம், பேரன் நலம். பிறகு மும்தாஜ் பெயர் கேட்டது. எங்கள் வாப்பா பெயர், தெருப் பெயர். பிறகு லாத்தா ஒன்றும் பேசவில்லை. அந்தப் பக்கம்தான் பேசியது. நீளமாக. எழுந்து வந்து கதவைச் சாத்தினாள்.

அல்லாஹ்வே, மாமி என் பெயரைச் சொல்லியிருக்கக் கூடாது என்று நின்றேன்.

வெளியே வந்தாள். முகத்தில் அழுகை இல்லை. என் அடுப்பைச் சின்னதாக்கினாள். டம்ளரை எடுத்தாள், டீ ஊற்றினாள், சர்க்கரை போட்டுக் கலக்கினாள். எனக்கும் ஒன்று.

“கடற்கரையில மாமிகிட்ட பேசினியாமே.”

நான் பாலைப் பார்த்தேன்.

“இப்ப மும்தாஜ் எப்படின்னு என்னைக் கேட்டாக. நல்ல புள்ளைதான்னு சொன்னேன்.”

டீயை எடுத்துக் குடித்தாள். அதற்குப் பின்னால் அங்கே என்ன சொன்னாள் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பேன்?

மாமி வெள்ளிக்கிழமை பதில் சொல்வார்களாம். போன் அவள் ரூமில்தான் இருக்கிறது.