கதிர்வேலுவின் கரும்புக்கு ஒரு பெண் குரங்கு

1934, மாசி 14. பாகூர்.

போன மாதம் பங்காளி கதிர்வேலு தன் கரும்பிலிருந்த குரங்குகளை என் மணிலாக் கடலைக் கொல்லைக்குள் விரட்டிவிட்டுச் சிரித்தான். பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் ஊர்த் தலைவரான மேரிடம் முறையிட்டேன். "கொரங்குக்கு இன்னா சம்மனா அனுப்பறது?" என்று அவரும் சிரித்தார். இரண்டு சிரிப்பும் நெஞ்சிலேயே நின்றன.

இன்று குரங்காட்டியிடம் ஒரு பெண் குரங்கை இரவல் வாங்கினேன். "இதுக்கு இப்ப சேர்ற நாளுபா. கடுவன் கொரங்கு வெரலால தொட்டு மோந்து பாத்துச்சுன்னா, அப்பறம் அடிச்சாலும் போவாது" என்றான். மார்போடு அணைத்துத் தூக்கிப்போய்க் கதிர்வேலுவின் கரும்புக்கு நடுவே கட்டினேன்.

பெரிய கடுவன் வந்தது. தொட்டது, விரலை முகர்ந்தது, அங்கேயே உட்கார்ந்துவிட்டது. பின்னாலேயே இன்னும் நான்கு. அவை கட்டிப் புரண்டு அடித்துக்கொண்டதில் பாதிக் கரும்பு சாய்ந்தது. கண் குளிரப் பார்த்தேன்.

சாயங்காலம் குரங்காட்டி தடியோடு வந்து பெண் குரங்கை அழைத்துப்போனான். கடுவனோ என் பின்னாலேயே வீடு வரை வந்து, என் சட்டையைத் தொட்டு விரலை முகர்ந்தது.

"இன்னா நாத்தம் இது? அவுத்துக் குடுங்க, தொவச்சிடறேன்" என்றாள் மனைவி.

அவிழ்த்தேன். துவைக்க விடவில்லை. விடிவதற்குள் அந்தச் சட்டை கதிர்வேலு வீட்டுக் கொடியில் தொங்கும்.