நடுவில் ஒரு நாற்காலி

3 மே 2025, சனி

ஸ்பீக்கர் வாங்கிவிட்டேன். இரண்டு சின்னப் பெட்டிகள். ஒவ்வொன்றும் ஒரு ரொட்டி பாக்கெட்டை நிமிர்த்தி வைத்த அளவுதான். பிரிக்பீல்ட்ஸ் கடையில் கமலநாதன் ஒரு மணி நேரம் பாடம் நடத்தினார். இரண்டு பெட்டிகளும் நான் உட்காரும் நாற்காலியும் சம முக்கோணமாக இருக்க வேண்டுமாம். பெட்டி காது உயரத்துக்கு வர வேண்டுமாம். சுவரோடு ஒட்டி வைத்தால் வயிறு முட்டத் தின்றவன் மாதிரி பொருமுமாம்.

பில் போடும்போது வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார். ஒரு ஆள்தான் என்றேன்.

"அப்ப ப்ராப்ளம் இல்ல லா ஆன்டி. நடுவுல உக்கார்ற ஒரு ஆளுக்குத்தான் இது சரியா கேக்கும்."

ஒரு ஆள். வாயில் இன்னும் பழகவில்லை.

கிளினிக் கவுன்டரில் முப்பத்தொரு வருடம் உட்கார்ந்ததற்குக் கடைசி நாளில் கொடுத்த பணம் இப்படிப் போனது. தங்கை சாந்தா இன்னும் இந்த வீட்டில் இருந்திருந்தால், இருக்கிற ரேடியோ போதாதா அக்கா என்று கேட்டிருப்பாள். அதற்காகவே வாங்கினேனோ என்னவோ.

4 மே, ஞாயிறு

முதலில் ஹால். டிவி மேசையின் இரு பக்கமும் ஸ்டூல் போட்டு வைத்தேன். பெட்டி தாழ்ந்திருந்தது. கிறிஸ்துமஸ் பிஸ்கட் டின்களை அடியில் கொடுத்தேன். நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. அளவெடுக்க சாந்தாவின் தையல் டேப். அதை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள்.

கேட்கத்தான் என்ன இருக்கிறது வீட்டில்? வாலண்டைன் மாஸ்டர் எங்கள் தேவாலயப் பாடகர் குழுவில் எல்லாருக்கும் கொடுத்த பெண்டிரைவ் இருந்தது. 2018 பங்குத் திருவிழாப் பூசை, ரெக்கார்டர் வைத்துப் பிடித்தது. இத்தனை வருடம் நான் போட்டுக் கேட்டதே இல்லை. பாடியவளுக்கு எதற்கு?

நற்கருணை வாங்கும் நேரத்தில் பாடும் நன்மைப் பாட்டில் நான்கு வரிகள் நானும் சாந்தாவும் மட்டும் பாடுவோம். இரண்டு பேர் குரலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். போனில் அம்மாவே ஏமாந்துபோவார். ஆனால் அவள் எப்போதும் எனக்கு இடது கைப்பக்கம் நிற்பாள், இருபத்தாறு வருடமாக. அதனால் இடது பெட்டி அவள், வலது பெட்டி நான்.

மூன்றாவது வரியில் குரல் மேலே ஏறும் இடத்தில் இடது பெட்டி இறங்கியது. மூச்சு பற்றாமல் சுருதி நழுவியது. உடனே வலது பெட்டி கொஞ்சம் உயர்ந்து அதை மூடியது. கேட்கிறவர்களுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

பார் சாந்தா, நீ கிளம்பின அன்று நான் சொன்னது சரிதானே.

இன்றும் மெசேஜ் அனுப்பியிருக்கிறாள். சாப்பிட்டியா அக்கா. ஞாயிறு தவறாமல் அனுப்புகிறாள். நானும் தவறாமல் கட்டைவிரல் படத்தை அனுப்புகிறேன்.

7 மே, புதன்

சமையலறையில் வைத்துப் பார்த்தேன். சட்டி மூடிகளெல்லாம் சேர்ந்து பாட ஆரம்பித்துவிட்டன. பெட்டிகளுக்கு நடுவில் இரண்டு முழம்கூட இல்லை, எல்லாக் குரலும் ஒரே குவியல்.

பக்கத்து வீட்டு சுலைகா பின்கதவில் நின்றார். கையில் மூடி போட்ட பாத்திரம்.

"சாந்தா வந்துருக்கா போல. ரெண்டு பேரும் பாடுற சத்தம் கேட்டுச்சு. ரெண்டு பேருக்கும் சேத்துதான் கொண்டாந்தேன்."

இல்லை, அது ஸ்பீக்கர் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குளிக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். அறுபது வயதில் மீன் கறிக்காகப் பொய். இரண்டு பேர் சோற்றையும் நானே சாப்பிட்டேன். வயிறு வலிக்கிறது.

10 மே, சனி

ஐம்பத்தாறு வயதில் என் தங்கை கல்யாணம் செய்துகொண்டாள். எழுதிப் பார்த்தாலும் நம்ப முடியவில்லை. மாப்பிள்ளை கென்னத், மனைவியை இழந்தவர், கிள்ளான் ஊர்க்காரர். நல்ல மனிதர்தான். அதுதான் எரிச்சலே, குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

கல்யாணப் பூசையில் அந்த நன்மைப் பாட்டை நான் பாட வேண்டும் என்று கேட்டாள். தொண்டை சரியில்லை என்றேன். தொண்டைக்கு ஒன்றுமில்லை. பிறகு லோரியில் அலமாரியும் கட்டிலும் ஏறிய அன்று, இனி கிள்ளான் கோயிலில் பாடப்போகிறேன் அக்கா என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதற்கு நான் சொன்னது:

"நான் பக்கத்துல இல்லாம நீ ஒரு வரி பாடிருவியா? இத்தன வருஷம் ஒன்ன தூக்கிப் பிடிச்சதே நான்தான்."

லோரிக்காரர் முன்னால்.  அவள் என் கையைத் தொட்டுவிட்டு லோரியில் ஏறிக்கொண்டாள். அது ஜனவரி. அதற்குப் பிறகு நாங்கள் பேசவில்லை. நான் பாடகர் குழுவுக்கும் போகவில்லை. சனிக்கிழமை மாலை ஆங்கிலப் பூசைக்குப் போய், பின்வாசல் வழியாக வந்துவிடுகிறேன்.

சொன்ன விதம் தப்பு. சொன்னது பொய் இல்லையே? பெட்டியே சாட்சி சொல்கிறது.

13 மே, செவ்வாய்

மிச்சம் அவளுடைய அறைதான். போகாமல் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன்.

வெறும் அறை. பாட்டைப் போட்டால் சுவர் நான்கும் திருப்பிப் பேசுகின்றன. என் மெத்தையை இழுத்து வந்து சுவரில் சாய்த்தேன், முதுகு போய்விட்டது. ஜன்னலுக்கு இரண்டு கம்பளி. தரையில் பாய். எதிரொலி அடங்கியது.

பிறகு நடுவில் உட்கார்ந்தேன். பெட்டிகள் காணாமல் போய்விட்டன. கண்ணை மூடினால் ஆட்கள் நிற்கிறார்கள். இருமுவதுகூட எங்கிருந்து என்று தெரிகிறது. இந்த வீட்டிலேயே சத்தம் சரியாக அமைந்த இடம் அவள் விட்டுப் போன இடம்தான்.

இரவு படுக்க மெத்தை வேண்டும் என்பதை மறந்துபோனேன். அங்கேயே பாயில் படுத்தேன்.

15 மே, வியாழன்

ஒன்று இடிக்கிறது. எங்கள் குழுவில் ஆர்கன் எனக்கு வலப்பக்கம், கை நீட்டினால் தொடலாம். இங்கே இடது பெட்டியில் வாசிக்கிறது. கமலநாதன் வயரை மாற்றிச் சொருகச் சொல்லிவிட்டாரா? கடைக்குப் போன் செய்து சத்தம் போட்டேன். சனிக்கிழமை வருகிறாராம்.

17 மே, சனி

வந்தார். சுவரில் சாய்ந்திருந்த மெத்தையைத் தட்டிப் பார்த்தார். போனிலிருந்து ஒரு சோதனைக் குரலைப் போட்டார். லெஃப்ட் என்று சொன்னது இடது பெட்டி, ரைட் என்று சொன்னது வலது பெட்டி. வயரில் தப்பே இல்லை. பிறகு பூசைப் பாட்டைக் கேட்டார். ரெக்கார்டரை எங்கே வைத்தார்கள் என்று விசாரித்தார். முன்னால், ஜனங்கள் உட்காரும் பெஞ்சில் என்றேன்.

"அப்ப சரியாத்தான் இருக்கு ஆன்டி. அது பெஞ்சுலேர்ந்து கேட்டது. நீங்க இன்னும் பாடுற எடத்துலயே நின்னு கேக்குறீங்க."

சிரித்தேன். டீ கொடுத்தேன். கேட் வரை போய் அனுப்பினேன். திரும்பி வந்து கப்பைக் கழுவும்போதுதான் உறைத்தது.

எதிரே உட்கார்ந்து கேட்டால் எங்கள் வலம் இடமாகிவிடும். ஆர்கன் இடது பெட்டி. ஆர்கனுக்குப் பக்கத்தில் நின்றவள் யார்?

18 மே, ஞாயிறு

ஏழு தடவ போட்டுப் பாத்துட்டேன். நான்தான். எறங்குறது நான்தான். மூச்சு பத்தாம தடுமாறுறது, வரிக்கு வரி கொஞ்சம் லேட்டா வர்றது — எல்லாம் நான். அவ காத்திருக்கா. நான் வந்து சேர்ற வரைக்கும் இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா. நான் விழுற எடத்துல மட்டும் அவ குரல் ஏறுது. மத்த எடத்துல ஏறவே இல்ல.

தூக்கிப் பிடிச்சேனாம். லோரிக்காரன் முன்னால சொன்னேனே.

மெசேஜ் வந்திருக்கு. சாப்பிட்டியா அக்கா. கட்டைவிரல் போட முடியல.

21 மே, புதன்

பெட்டிகளுக்குத் துணி போட்டு மூடிவிட்டேன். தூசு படக்கூடாது என்று எனக்கு நானே ஒரு காரணம்.

25 மே, ஞாயிறு

காலையில் மெசேஜ் வரவில்லை. பத்து மணி, பதினொன்று, பன்னிரண்டு. போன வாரம் கட்டைவிரல்கூடப் போடவில்லை அல்லவா, அவளும் மனுஷிதானே. ஒருவேளை இனி வராதோ? இரண்டு மணிக்கு நானே கூப்பிட்டேன். அடித்த உடனே எடுத்தாள். காலையிலிருந்து கென்னத்துக்குக் காய்ச்சலாம், கிளினிக்கில் இருக்கிறாளாம்.

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஸ்பீக்கர், பிஸ்கட் டின், மெத்தை, ஆர்கன் என்று எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அந்த மூன்றாவது வரியில் விழுந்தது நான்தான் என்றேன்.



"தெரியும்க்கா," என்றாள்.

எத்தனை வருடமாக என்று கேட்டேன். அம்மா போனதிலிருந்து என்றாள். அம்மா போய்ப் பதினான்கு வருடம்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ பாடுறத விட்டுருவக்கா. அப்புறம் நான் யார் பக்கத்துல நிக்கிறது?"

பின்னால் நர்ஸ் கென்னத்தின் பெயரைக் கூப்பிட்டது கேட்டது. அவள் போகும் முன்னால் மன்னித்துக்கொள் என்று சொல்லிவிட்டேன். எனக்கு வராத வார்த்தை அது. அவள் அழுதாள், நானும்தான்.

8 ஜூன், ஞாயிறு

கொமுட்டர் ரயிலில் இருவரும் வந்தார்கள். கென்னத் ஒரு பை நிறைய மாம்பழத்தோடு. சுலைகா வழக்கம்போல இரண்டு பேருக்கு அளந்து மீன் கறி கொண்டுவந்தார், பற்றவில்லை. முட்டை பொரித்தேன். போன மாதம் சாந்தா வரவில்லை, அது ஸ்பீக்கர் என்றும் சுலைகாவிடம் சொல்லிவிட்டேன். அன்றைக்கே தெரியும் என்றார். குளிக்கிற சத்தமே கேட்கவில்லையாம்.

ஸ்பீக்கர்களை ஹாலுக்கே கொண்டுவந்துவிட்டேன். மெத்தை என் கட்டிலுக்குத் திரும்பியது. நடு நாற்காலியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோபாவைத் தள்ளினோம். கமலநாதன் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். இரண்டு பேர் உட்கார்ந்தால் நடு யாருக்கும் கிடைக்காது, சத்தம் ஒரு பக்கமாகச் சாய்கிறது.

சாந்தா என் இடது பக்கம் உட்கார்ந்தாள். நன்மைப் பாட்டு வந்ததும் பெட்டியோடு சேர்ந்து பாட ஆரம்பித்தாள். நானும் சேர்ந்துகொண்டேன். ஜனவரிக்குப் பிறகு முதல் தடவை, தொண்டை கரகரத்தது. மூன்றாவது வரியில், அதே இடத்தில், நான் இறங்கினேன். பக்கத்தில் அவள் குரல் கொஞ்சம் ஏறியது. இந்தத் தடவை எனக்கும் கேட்டது.